பிறவியிலேயே தீயோர் உண்டோ?

சென்ற கோடை விடுமுறையில் என் மகள்வயிற்றுப் பேரன் கயத்தாற்றுக்கு வந்திருந்தான். பதினான்கு வயதுப் பிள்ளை. 1799ஆம் ஆண்டு கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தை முதல் நாள் காட்டினேன். மறுநாள் அருகிலுள்ள கழுகுமலைக்கு அழைத்துச் சென்றேன். வந்தவாசி, ஆரணிப் பகுதிகளில் உள்ளதுபோல் நம்மவர் வாழும் ஊர்களும் ஜினாலயங்களும் இத்தென்பாண்டிச் சீமையில் இன்று இல்லை. ஆசிரியப் பணியின் பொருட்டுத் தெற்கே வந்து தங்கிவிட்ட எனக்குக் கழுகுமலைப் பாறையே ஜினாலயம்.

எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில், அப்பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வரிசை வரிசையாகச் செதுக்கினர். அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்கள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் குரத்தியர் என்னும் பெண்பாற் சமய ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. அவற்றைக் காணும்போதெல்லாம் ஓர் ஆசிரியை என்ற முறையில் என் உள்ளம் பெருமிதம் கொள்ளும். பேரனோ அவ்வெழுத்துகளைக் கடந்துபோய், சிங்கமும் குழந்தைகளும் சூழ நிற்கும் அம்பிகையின் முன் நின்றுவிட்டான்.

"பாட்டி, இவர் மனிதரா, கடவுளா?" என்றான்.

"இரண்டும் அல்லர். இயக்கி. நேமிநாதரின் சாசன தேவதை. நம் இல்லங்களில் தருமதேவி என்று வணங்குகிறோமே, அவர்தாம்."

"அப்படியானால் எல்ஃப் மாதிரி!" என்று மகிழ்ந்தான். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் எழுதிய பெருங்கதையை அவன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். மலையிலிருந்து இறங்கும் வழியெல்லாம் எல்ஃபுகள், குள்ளர்கள், ஓர்க்குகள் என அக்கதையின் இனங்களைப் பற்றியே பேசினான். ஒரு கோட்டைப் போரில் எல்ஃப் வீரன் ஒருவனும் குள்ள வீரன் ஒருவனும் யார் மிகுதியான ஓர்க்குகளைக் கொல்வது எனப் போட்டியிடுகின்றனராம். எல்ஃப் கொன்றது 41, குள்ளன் கொன்றது 42. அதைச் சொல்லிச் சிரித்தவன், என் முகம் மாறியதைக் கண்டு, "ஓர்க்குகளைக் கொன்றால் பாவம் இல்லை பாட்டி. அவை பிறவியிலேயே தீயவை" என்றான்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. படியாத நூலைப் பற்றிப் பேசலாகாது என்று மாணவர்க்குப் பல்லாண்டு சொல்லி வந்தவள் நான். ஆகவே அந்நூலை அவனிடமிருந்து வாங்கிப் படித்தேன். அவன் சொன்ன அவ்வொரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம். பிறவியிலேயே தீயதான ஓர் இனம் இருக்க இயலுமா? கதையிலேனும் அப்படி ஓர் இனத்தைப் படைத்துக் கொன்று மகிழ்வது அறமாகுமா?

இக்கதை இனங்கள் டோல்கீனின் கற்பனையில் மட்டும் தோன்றியவை அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர் அவர். 1937இல் ஒரு சிறுவர் கதையும், 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக 'மோதிரங்களின் தலைவன்' என்று பொருள்படும் பெருங்கதையும் வெளியிட்டார். எல்ஃப் என்பது வட ஐரோப்பிய மக்களின் பழைய நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து நாட்டு ஸ்னோரி என்னும் அறிஞர் தொகுத்த நூலில், கதிரவனினும் ஒளி மிக்க எல்ஃபுகளும், கரியினும் கருத்த எல்ஃபுகளும் கூறப்படுகின்றன. குள்ளர்களுக்கு டோல்கீன் இட்ட பெயர்களுட் பல, அந்நாட்டுப் பழம்பாடல் ஒன்றில் உள்ளவை.

பழைய ஆங்கிலேயர் எல்ஃபுகளுக்கு அஞ்சினர். திடீரென உடலில் குத்துவலி வந்தால் எல்ஃப் எய்த அம்பு என்று கருதி மந்திரித்தனர். பேயோவுல்ஃப் என்னும் அவர்தம் பழங்காப்பியம், தம்பியைக் கொன்ற காயீனின் வழியில் வந்த கொடிய கூட்டங்களுள் எல்ஃபுகளையும் வைத்து எண்ணுகிறது. ஆயினும் அதே மக்கள் தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை விரும்பி இட்டனர். ஆல்ஃபிரட் என்னும் அரசர் பெயருக்கு 'எல்ஃபின் அறிவுரை' என்பது பொருள். பின்வந்த நூற்றாண்டுகளில் எல்ஃபுகள் பூவிதழில் அமரும் சிற்றுருவங்களாகச் சுருங்கிப் போயின. அவற்றுக்கு மீண்டும் மனித உயரமும் மாண்பும் அளித்தவர் டோல்கீன்.

அச்சமும் அன்பும் கலந்த இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்கு எங்கள் பகுதி இசக்கியம்மனே நினைவில் வந்தாள். இயக்கி என்னும் சொல்லே இசக்கி எனத் திரிந்தது. வடமொழியில் யட்சி என்பதும் அதுவே. திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் வயலோரத்திலும் ஊர் எல்லையிலும் கையில் குழந்தையோடு இசக்கி நிற்கிறாள். உச்சிவேளையில் அவள் கோயில் வழியே செல்ல அஞ்சுவோர் உண்டு. அவளிடமே பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுவோரும் உண்டு. ஆல்ஃபிரட் என்பதுபோல இங்கே இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என்று பெயரிடுவர். என் வகுப்புகளில் இப்பெயருடைய பிள்ளைகள் இல்லாத ஆண்டே இருந்ததில்லை எனலாம்.

இயக்கி வழிபாடு தமிழகத்தில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில், மதுரையின் புறத்தே இயக்கிக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் ஆயர்குல முதுமகளாகிய மாதரியிடமே, சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். குமரி மாவட்டத்துச் சிதறால் குன்றில் தீர்த்தங்கரர் உருவங்களோடு அம்பிகையின் உருவமும் உண்டு. இன்று அக்கோயில் பகவதி கோயிலாக விளங்குகிறது. ஒரே இயக்கி ஒருவர்க்குக் காவல் தெய்வம், ஒருவர்க்கு ஊரம்மன், மலையாளக் கதை சொல்வோர்க்கோ வழிப்போக்கரை மயக்கிக் குருதி குடிக்கும் பேய்! இயக்கியின் இயல்பு மாறியதா, அன்றி அவளைக் காண்போர் மனநிலை மாறியதா என்று சிந்திக்க வேண்டும்.

நம் ஆகமங்கள் இத்தகைய இனங்களைப் பற்றிக் கூறுவது எனக்கு இளமையில் வெறும் மனப்பாடமாக இருந்தது. இம்முறைதான் அதன் ஆழம் புலப்பட்டது. உமாசுவாமி இயற்றிய தத்துவார்த்த சூத்திரம் தேவகதியினரைப் பவனவாசியர், வியந்தரர், சோதிடர், வைமானிகர் என நால்வகைப்படுத்துகிறது. அவருள் வியந்தரர் எண்வகையினர். அவ்வெண்மர் கின்னரர், கிம்புருடர், மகோரகர், கந்தருவர், இயக்கர், இராக்கதர், பூதர், பிசாசர் ஆவர். உலகம் அஞ்சும் இராக்கதரும் பூதரும் பிசாசரும், இன்னிசை பாடும் கந்தருவரோடு ஒரே வரிசையில், தேவகதியிலேயே வைக்கப்பட்டுள்ளனர். நல்ல இனம், தீய இனம் என்று இரண்டு கோடுகள் அங்கே கிழிக்கப்படவில்லை.

அதனினும் முக்கியமானது வேறொன்று. இவர்கள் தனித்தனியே படைக்கப்பட்ட இனங்கள் அல்லர். இயக்கனாயிருப்பது ஓர் உயிர் தன் வினையால் சிறிது காலம் தங்கிச் செல்லும் நிலை. வியந்தரரின் வாழ்நாள் குறைந்த அளவே 10,000 ஆண்டுகள் என்பர். ஆயினும் அதற்கும் முடிவு உண்டு. முடிந்தபின் அவ்வுயிர் வேறு பிறவிக்குச் செல்லும்.

சீவகசிந்தாமணியில் இதற்கு அழகிய சான்று உள்ளது. அந்தணர் உணவைத் தொட்டுவிட்டதென்று ஒரு நாயை அடித்து வீழ்த்துகின்றனர். இறக்கும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச மந்திரத்தை ஓதுகிறான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்ற இடத்தில் உதவும் நண்பனாகிறது. தருமதேவியின் வரலாறும் அத்தகையதே. முனிவர்க்கு உணவிட்ட குற்றத்திற்காகக் கணவனால் இரு குழந்தைகளோடு வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஒரு பெண்தான் இயக்கியானாள். அவளைத் துரத்திய கணவனே மறுபிறவியில் அவள் ஊர்தியாகிய சிங்கமானான். நாயும் இல்லத்தரசியுமாக இருந்த உயிர்கள் தாம் நம் இயக்கனும் இயக்கியும்.

பேரனின் எல்ஃப் ஒப்புமை இங்கே ஓரளவு பொருந்துகிறது. டோல்கீன் கதையில் எல்ஃபுகளுக்கு மூப்பால் இறப்பில்லை. உலகம் உள்ளளவும் அவர்கள் உலகோடு கட்டுண்டு கிடக்க வேண்டும். மனிதர்க்கு வரும் இறப்பை அக்கதை ஒரு கொடை என்று கூறுகிறது. நம் நெறியிலும் தேவர்க்கு நீண்ட வாழ்வும் இன்பமும் உண்டு, ஆனால் விரதம் ஏற்கும் ஆற்றலும் வீடுபேறும் அவர்க்கில்லை. அவற்றுக்கு மானிடப் பிறவி எடுத்தே தீரவேண்டும். எத்துணை ஒளியுடையவராயினும் இயக்கர் நம்மினும் மேலானவர் அல்லர். எத்துணைக் கொடியவராயினும் பிசாசர் நம்மினின்றும் வேறானவரும் அல்லர்.

இக்கருத்தை நம் முன்னோர் நூலளவில் நிறுத்திவிடவில்லை. நாடெங்கும் வழங்கிய கதையொன்றையே இதன் ஒளியில் திருத்திக் கூறினர். பிராகிருத மொழியில் விமலசூரி இயற்றிய பௌமசரியம், இராமன் கதையின் சமண வடிவம். அதில் இராக்கதர் மனித ஊன் தின்னும் அரக்கர் அல்லர். வித்தைகள் கைவந்த விஞ்சையர் குலத்து மக்கள். வானரர் குரங்குகள் அல்லர். குரங்குச் சின்னத்தைக் கொடியில் கொண்டவர்கள். இராவணனுக்குப் பத்துத் தலைகள் இல்லை. அவன் அணிந்த மணிமாலையில் முகம் ஒன்பதாகத் தெரிந்ததால் அப்பெயர் பெற்றான். பிறன்மனை விழைந்த குற்றத்தால் அவன் நரகம் சேர்கிறான். அவனைக் கொன்ற இலக்குவனும் நரகம் சேர்கிறான். வருங்காலப் பிறவியொன்றில் அந்த இராவணனே தீர்த்தங்கரன் ஆவான் என்று நம் புராணங்கள் கூறுகின்றன. பகைவனை அசுரனாக்காமல் தவறிய மனிதனாகக் கண்டதும், வென்றவனுக்கும் வினைப்பயன் உண்டென்று துணிந்து சொன்னதும் எண்ணி வியக்கத்தக்கன.

பகைவரை மனிதரல்லாதாராக்கும் வழக்கம் எத்துணை எளிது என்பதற்கு நம் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. இலங்கையின் மகாவமிசம், விசயன் அத்தீவில் கரையிறங்கியபோது அங்கிருந்தோர் இயக்கர் என்கிறது. குவேனி என்னும் இயக்கி அவனுக்கு மனைவியாகித் தன் இனத்தாரையே அழிக்க உதவுகிறாள். பின்னர் மதுரைப் பாண்டியன் மகளை மணக்கும்பொருட்டு விசயன் அவளை விலக்க, அவள் தன் இனத்தாரிடமே திரும்பிச் சென்று கொலையுண்கிறாள். அவ்வியக்கர் அத்தீவின் பழங்குடி மக்களே என்று கருதும் வரலாற்றறிஞர் பலர். கொல்லப்பட்டோர் இயக்கர் எனப்பட்டால் கொன்றவர்க்கு வருத்தம் தோன்றுவதில்லை. பேரன் சொன்ன வாக்கியத்தின் பழைய வடிவம் இதுதான்.

"கதைதானே பாட்டி! ஓர்க் என்று உண்மையில் எதுவும் இல்லையே. இல்லாத உயிரைக் கொன்றால் எப்படி இம்சையாகும்?" என்று பேரன் கேட்டான். நல்ல கேள்வி. இதற்கு நம்மிடம் ஒரு காப்பியமே விடையாக இருக்கிறது.

யசோதர காவியத்தின் கதை நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. யசோதர மன்னன் உயிர்ப்பலிக்கு உடன்படவில்லை. தாயின் வற்புறுத்தலுக்காக மாவினால் கோழி ஒன்று செய்து தேவியின் முன் வாளால் வெட்டுகிறான். மாக்கோழியில் உயிர் இல்லை, குருதி இல்லை. ஆயினும் கொல்லும் எண்ணத்தோடு வெட்டினான். அவ்வெண்ணத்தின் பயனாகத் தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, மீண்டும் மீண்டும் வெட்டுண்டு துன்புறுகின்றனர். இம்சை கையில் தொடங்குவதன்று, கருத்தில் தொடங்குவது. 41, 42 என்று எண்ணி மகிழும்போது எதிரே நிற்பது மாக்கோழிதான். மகிழும் மனமோ மாவினால் ஆனதன்று.

அப்படியானால் கற்பனையே தீதோ என்று சிலர் அஞ்சலாம். அன்று. நீலகேசியில் இதன் மறுபக்கம் உள்ளது. அரசி மகப்பேறு பெற்றமைக்காகக் காளிக்கு உயிர்ப்பலியிட வந்த மக்களை முனிச்சந்திரர் என்னும் முனிவர் தடுத்து, மண்ணால் செய்த விலங்குருவைக் கோயிலில் வைத்தாலே போதும் என்கிறார். அங்கும் உயிரற்ற உருவந்தான். ஆனால் அது வெட்டுவதற்கன்று, ஓர் உயிரைக் காப்பதற்கு வைக்கப்பட்டது. மாக்கோழியும் மண்ணுருவமும் இரண்டுமே பாவனைகள். ஒன்று கொலையைப் பழக்குகிறது, மற்றொன்று இரக்கத்தைப் பழக்குகிறது. பிள்ளைகள் படிக்கும் கதையையும் பார்க்கும் படத்தையும் விளையாடும் விளையாட்டையும் இவ்வொரு வினாவால் நாம் அளந்து பார்க்கலாம்.

பேரன் அத்துடன் விடவில்லை. "கோட்டையைத் தாக்க வந்தவர்களை என்ன செய்வது? கைகட்டி நிற்பதா?" என்றான். இல்லறத்தார்க்கு நம் நெறி சங்கற்ப இம்சையை, அதாவது வேண்டுமென்றே செய்யும் கொலையையே முற்றும் விலக்கச் சொல்கிறது. தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும் பொருட்டு நேரும் எதிர்ப்பு இம்சையைத் தவிர்க்க இயலாததென்று பொறுக்கிறது. ஆனால் பொறுக்கிறதே அன்றிப் புகழ்வதில்லை. சீவகனும் தந்தையைக் கொன்ற கட்டியங்காரனோடு பொருது வென்றவன்தான். அவன் வரலாறு அரியணையில் முடியவில்லை, துறவில் முடிகிறது. கோட்டையைக் காத்தது குற்றமன்று. எண்ணிக்கை வைத்து மகிழ்ந்ததே குற்றம்.

அந்நூலை முழுதும் படித்தபின் அதன் ஆசிரியர் மீது எனக்கிருந்த வருத்தம் பெரிதும் குறைந்தது. கொல்லத்தக்க வாய்ப்புக் கிடைத்தும், கோலம் என்னும் இழிந்த உயிரை இரக்கத்தால் விட்டுவிடுகின்றனர் அக்கதையின் எளிய மாந்தர். இறுதியில் உலகம் உய்வதற்கு அவ்விரக்கமே வழியாகிறது. டோல்கீன் மறைந்தபின் 1977இல் வெளிவந்த நூலில், ஓர்க்குகள் தீய ஆற்றலொன்றால் பிடிக்கப்பட்டு வதைத்துச் சிதைக்கப்பட்ட எல்ஃபுகளே என்று கூறப்படுகிறது. கத்தோலிக்க நம்பிக்கையுடைய அவர்க்கு, மீட்சியே இல்லாத ஓரினம் இருக்கலாகாது என்ற எண்ணம் இறுதிவரை உறுத்தியது. ஓர்க்குகளின் தோற்றத்தை அவர் பலவாறு மாற்றி எழுதிப் பார்த்தும் முடிவு காணவில்லை. அக்குறிப்புகளை 1993இல் அவர் மகன் வெளியிட்டார்.

அவர் தேடிய முடிவை நீலகேசி ஆசிரியர் எளிதாகக் கண்டுவிட்டார். பலி தடைப்பட்ட காளி, முனிவரை வெருட்டத் தென்திசைப் பெருந்தெய்வமாகிய நீலகேசியை அழைக்கிறாள். நீலி என்றால் பழையனூரில் வணிகனைப் பழிவாங்கிய பேய் என்றே நாடு அறியும். அவள் சுடுகாட்டில் அலறி அச்சுறுத்துகிறாள். முனிவர் அசையவில்லை. அழகிய பெண்ணாகி மயக்க முயல்கிறாள். அப்போதும் அசையவில்லை. முனிவர் அவளைச் சபிக்கவுமில்லை, அழிக்கவுமில்லை. அவள் தோற்று வணங்கியபோது அறம் உரைக்கிறார். பேய் மாணாக்கியாகிறது. பிறகு குண்டலகேசி முதலிய பிற சமய அறிஞரோடு ஊர் ஊராகச் சென்று வாதிடும் ஆசிரியையும் ஆகிறது. உலக இலக்கியத்தில் பேயைக் கொன்ற வீரர் பலர். பேய்க்குப் பாடம் சொன்னவர் மிகச் சிலர்.

இவ்வளவு சொன்னபின் நம்மையும் சோதித்துக்கொள்வது கடன். நம் நூல்களும் வாதக் களத்தில் பிற சமயத்தாரை எள்ளி நகையாடியதுண்டு. பிறர் கதைகளில் நம் முன்னோரும் வஞ்சகராகவும் கழுவேற்றத் தக்கவராகவும் சித்திரிக்கப்பட்டதுண்டு. கதையில் தீய இனமாக்கப்படுவது எத்தகைய துன்பம் என்பதை நாம் அறிவோம். அறிந்த நாம், அண்டை வீட்டாரையோ அயல் சமயத்தாரையோ "அவர்கள் பிறவியிலேயே அப்படித்தான்" என்று உணவு வேளையில் பேசும்போது, அருகில் அமர்ந்து உண்ணும் பிள்ளை என்ன கற்கிறது? ஓர்க்குகளைப் பற்றி அவன் நூலில் படிப்பதற்கு முன்பே நம்மிடம் கேட்டிருப்பான்.

நம் இல்லத்துப் பெரியோர்களை நான் வேண்டுவது இதுதான். பிள்ளைகளின் கையிலுள்ள அயல்நாட்டுக் கதையைப் பறிக்க வேண்டா. அதனோடு சுதஞ்சணன் கதையையும், மாக்கோழியின் கதையையும், நீலகேசியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த உயிரும் பிறவியிலேயே தீயதன்று. வினையால் தாழ்ந்தது வினை நீங்க உயரும். பத்துப் பிறவி பகைத்துவந்த கமடனும் இறுதியில் பார்சுவநாதரின் திருவடியில் பணிந்தான் அன்றோ!

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் பேரன் நீலகேசிக் கதையை மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னான். கேட்டு முடித்தபின், "ஒரு ஓர்க்குக்கு அந்த முனிவர் கிடைத்திருந்தால்?" என்றான். "கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே எழுதி எனக்கு அனுப்பு" என்று சொல்லிப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.